உண்ணி குட்டியா, பெரிசா? பருவங்களை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒரு படமாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். உள்ளங்கையில் ஒரு புள்ளி, கீழே "இது உண்ணியா? குட்டியா, பெரிசா?" என்று ஒரு வரி. பாதிப் படம் கலங்கல். மீதிப் பாதியில் உண்ணியைவிட அனுப்பியவரின் நகம்தான் தெளிவாகத் தெரியும். மாடு, நாய், கோழி என்று எல்லாம் இருந்த வீட்டில் வளர்ந்தவன். பிறகு கால்நடை மருந்தகத்தில் பல வருடம் உண்ணியோடு மல்லுக்கட்டியவன். அதனால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உண்ணி ஒரு பூச்சிதானே?

இல்லை. சிலந்தி, தேள் கூட்டத்தைச் சேர்ந்தது. பூச்சிக்கு ஆறு கால், உண்ணிக்கு எட்டு. ஆனால் முட்டையிலிருந்து வந்த புதிதில் உண்ணிக்கும் ஆறு கால்தான். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மொத்தம் எத்தனை பருவம்?

நான்கு: முட்டை, லார்வா, நிம்ஃப், முதிர்ந்த உண்ணி. பாடப்புத்தகத்தில் லார்வாவுக்கு "இளவுயிரி" என்று போட்டிருக்கும். புழு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உண்ணிக்குப் புழுப் பருவம் கிடையாது. லார்வாவே ஒரு பொடி உண்ணிதான்.

முட்டையைத் தவிர மற்ற மூன்று பருவத்துக்கும் ரத்தம் வேண்டும். லார்வா ஒரு முறை குடித்து, தோலுரித்து நிம்ஃப் ஆகும். நிம்ஃப் ஒரு முறை குடித்து, தோலுரித்து முதிரும். முதிர்ந்த பெண் ஒரு முறை வயிறு முட்டக் குடித்து, கீழே விழுந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். நாயிலும் மாட்டிலும் நாம் பார்க்கிற ஓடு உள்ள உண்ணிகளுக்கு இதுதான் கணக்கு. கோழி உண்ணியின் கணக்கு வேறு, அது பின்னால் வருகிறது.

அளவை வைத்துச் சொல்லிவிட முடியாதா? சின்னது குட்டி, பெரியது பெரிசு?

எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். உண்ணியின் அளவு அதன் வயதைச் சொல்லாது, எவ்வளவு குடித்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும்.

அடுப்படியில் இருக்கிற தானியங்களை வைத்தே பார்க்கலாம். பசியோடு இருக்கிற லார்வா ஒரு கசகசாவைவிடச் சிறியது, சுமார் அரை மில்லிமீட்டர். பசித்த நிம்ஃப் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர், பொடிக் கடுகு அளவு. பசித்த முதிர் உண்ணி எள் அளவு, எள்ளைப் போலவே தட்டை. இதுவரைக்கும் வரிசை ஒழுங்காக இருக்கிறது. குடிக்க ஆரம்பித்ததும் எல்லாம் குழம்பிவிடும். ரத்தம் குடித்து உப்பிய நிம்ஃப், பசியோடு கிடக்கிற முதிர் உண்ணியைவிடப் பெரிதாகத் தெரியலாம். உப்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதை அளவுக்கு வரும். குடிக்கும் முன் இருந்த எடையைப்போல நூறு மடங்கு வரை கூடிவிடும்.

ஆமணக்கு என்று சும்மா சொல்லவில்லை. லத்தீன் மொழியில் 'ரிசினஸ்' என்றால் உண்ணி. ஆமணக்கின் தாவரவியல் பெயரும் அதுவேதான். அந்தப் பளபளப்பும் முனையில் இருக்கிற சின்ன மூக்கும், பெயர் வைத்தவருக்கும் உண்ணியாகத்தான் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

காலை எண்ணுங்கள். பிறகு முதுகைப் பாருங்கள். இரண்டும் முடிந்து சந்தேகம் இருந்தால் மட்டும் வயிற்றைப் பார்த்தால் போதும்.

கால் எண்ணுவது சொல்ல சுலபம். தொட்டவுடன் உண்ணி காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். அதை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, பக்கத்தில் வாயை வைத்து மெதுவாக ஒரு ஊது ஊதுங்கள். மூச்சுக் காற்றின் சூடும் கரியமில வாயுவும் பட்டதும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று விழித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டும். அந்தக் கால் நுனியில்தான் வாசனை பிடிக்கிற உறுப்பு இருக்கிறது. அதைப் பூச்சியின் மீசை என்று நினைத்து எண்ணாமல் விடுகிறவர்கள் உண்டு, அதுவும் கால்தான். அதற்கு எதிரான தப்பும் நடக்கும்: தலைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற வாயுறுப்பைக் காலோடு சேர்த்து எண்ணிப் பத்து என்பார்கள்.

நடக்கிறதை எண்ண முடியவில்லையென்றால், ஒளி ஊடுருவும் செலோடேப்பில் ஒட்டி வெள்ளைத் தாளில் அழுத்திவிடுங்கள். ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண லென்ஸே போதும். இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ணுங்கள். பிடுங்கும்போது ஒரு கால் போயிருக்கலாம். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்று என்றால் அது எட்டுக்கால் உண்ணிதான்.

ஆறு கால் என்றால் லார்வா, மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை. எட்டு என்றால் நிம்ஃப் அல்லது முதிர்ந்தது.

அடுத்தது முதுகு. உண்ணியின் முதுகில் கெட்டியான ஓடு ஒன்று இருக்கும். ஆண் உண்ணிக்கு அது முதுகு முழுவதையும் மூடியிருக்கும். லார்வா, நிம்ஃப், முதிர்ந்த பெண் மூன்றுக்கும் முன்பாதியில் மட்டும்தான். மீதி, விரிந்து கொடுக்கிற தோல். எவ்வளவு குடித்தாலும் அந்த ஓடு வளராது. ஆகவே உப்பிய உண்ணி ஒன்று கையில் கிடைத்தால், உடம்பைப் பார்த்து ஏமாறாமல் தலைக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பழுப்பு ஓட்டைப் பாருங்கள். சாம்பல் நிறப் பட்டாணி மேல் ஒட்டிய சின்னப் பொட்டு மாதிரி இருக்கும். உடம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பொட்டின் அளவுதான் உண்மையான அளவு.

கடைசியாக வயிறு. நிம்ஃபையும் முதிர்ந்த பெண்ணையும் ஐயமில்லாமல் பிரிப்பது இதுதான். முதிர்ந்த உண்ணியை மல்லாத்திப் போட்டால் முன்பக்கக் கால்களுக்கு நடுவே இனப்பெருக்கத் துளை தெரியும். நிம்ஃபுக்கு அது கிடையாது. ஆசனத் துளை எல்லாப் பருவத்துக்கும் பின்பக்கம் உண்டு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னொன்று: கடைசிக் காலுக்குப் பின்னால் இரு பக்கமும் வட்டத் தட்டு மாதிரி மூச்சுத் துளை இருக்கும். நிம்ஃபுக்கும் முதிர்ந்ததுக்கும் உண்டு, லார்வாவுக்கு இல்லை.

நாயின் காதில் பெரிய உண்ணி ஒன்று, அதன் வயிற்றுக்கு அடியில் சின்னது ஒன்று. தாயும் குட்டியுமா?

ஜோடி. பெரியது பெண், கீழே தட்டையாகப் பழுப்பாக இருப்பது ஆண். ஆணின் ஓடு முதுகு முழுக்க இருப்பதால் அது உப்பவே முடியாது. கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். உண்ணிக் குட்டி ஒருபோதும் தாயோடு இருக்காது. குட்டி வெளியே வருவதற்குள் தாய் செத்துக் காய்ந்திருக்கும்.

நாயின் முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. உண்ணி முட்டையா?

இல்லை. உண்ணி எந்த விலங்கின் மேலும் முட்டையிடாது. முடியில் ஒட்டியிருந்தால் அது பேனின் ஈராகவோ பொடுகாகவோ இருக்கும். குதித்து ஓடுகிற கறுப்புப் புள்ளி என்றால் தெள்ளு. உண்ணி குதிக்கவே குதிக்காது.

உண்ணி முட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் சுவர் வெடிப்பில், கதவுச் சட்டத்தின் பின்னால், தொழுவத்தில் காடிக்கு அடியில், கல்லுக்கு அடியில் தேடுங்கள். பளபளவென்று தேன் நிறத்தில் ஒரே குவியலாக இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டி, வேகவைத்த ஜவ்வரிசியைப் பழுப்பாக்கிப் பொடி செய்த மாதிரி. ஒரு தாய் இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். ஒவ்வொரு முட்டைக்கும் மெழுகுப் பூச்சு போட்டு வைப்பதால் சீக்கிரம் காயாது. குவியலுக்குப் பக்கத்திலேயே சுருங்கிப்போன தோல் பை ஒன்று கிடந்தால், அதுதான் தாய்.

நாயின் வயிற்றில் இருக்கிறதை எவ்வளவு இழுத்தும் வரவில்லையே?

இழுக்காதீர்கள்! பாதிப் பேர் இழுப்பது நாயின் காம்பை. ஆண் நாய்க்கும் காம்பு உண்டு. உண்ணிக்குக் கால் இருக்கும், காம்புக்கும் மருவுக்கும் இருக்காது.

மாட்டில் மட்டும் பொடிசும் பெரிசும் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறதே, ஏன்?

நம் பக்கத்து மாடுகளில் அதிகம் காண்பது ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் என்ற இனம். பழைய புத்தகங்களில் பூஃபிலஸ் என்று இருக்கும். இது ஒரே மாட்டிலேயே வாழ்க்கையை முடித்துக்கொள்கிற இனம். லார்வாவாக ஏறும், அங்கேயே குடித்து அங்கேயே தோலுரிக்கும், சுமார் மூன்று வாரத்தில் உப்பிய பெண்ணாகக் கீழே விழும். முட்டையும் பசித்த லார்வாவும் மட்டும்தான் தரையில்.

கண்ணுக்குத் தெரியும் முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். காலையில் பால் கறக்கப் போகும்போது மாட்டின் கழுத்துத் தொங்கலையும் தொடை இடுக்கையும் மடிக்குப் பின்பக்கத்தையும் உள்ளங்கையால் எதிர்முடியாகத் தடவுங்கள். ரவையைத் தொட்ட மாதிரி நெருநெருவென்றால் லார்வாவும் நிம்ஃபும் ஏறியிருக்கின்றன. முடிக்கு நடுவே வெள்ளையாக உரிந்த தோலும் கிடைக்கும். பச்சையும் சாம்பலுமாகப் பயறு பயறாகத் தொங்குவது நம் கண்ணில் படுகிற நாளில் அது வந்து கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகியிருக்கும். பெண் உண்ணி கடைசி ஒரு நாளில்தான் மளமளவென்று உப்பும். "நேற்று இல்லையே, ராத்திரிக்குள் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நேற்றும் இருந்தது, எள்ளாக இருந்தது.

மருந்தைச் சுமார் மூன்று வார இடைவெளியில் திரும்ப அடிக்கச் சொல்வதும் இதனால்தான். அடுத்த கூட்டம் உப்பிக் கீழே விழுவதற்குள் பிடித்துவிட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, பாலைக் கறந்து விற்கலாமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் உண்ணி அதற்குப் பழகிக்கொள்ளும். பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை சேர்த்து அரைத்துத் தெளிக்கிற மூலிகைக் கரைசலும் நம் ஊரில் நடப்பில் இருக்கிறது.

உண்ணிக்கொக்கு தின்றுவிடாதா என்று ஒருவர் கேட்டார். பெயர்தான் அப்படி. அது மாட்டின் பின்னால் நடப்பது, மாடு கிளப்பிவிடுகிற வெட்டுக்கிளிக்காக. உண்ணி அதற்குத் தொட்டுக்கொள்ள.

நாய் உண்ணி எவ்வளவு குளிப்பாட்டினாலும் திரும்பி வருகிறதே?

நாய் உண்ணி வேறு வகை. ரிப்பிசெபாலஸ் சாங்குனியஸ் என்ற பழுப்பு உண்ணி. ஒவ்வொரு பருவத்திலும் குடித்து முடித்ததும் கீழே இறங்கி, ஒளிந்து, தோலுரித்து, திரும்ப நாயைத் தேடி ஏறும். அதாவது மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் கூட்டத்தில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, வீட்டில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு நாய்க்கு மருந்து ஊற்றிக் குளிப்பாட்டினேன், மூன்று நாளில் சுத்தம். இரண்டு வாரம் கழித்துக் காது முழுக்க மறுபடியும். போலி மருந்து கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் தேதி கிழிக்க நாட்காட்டியை அசைத்தபோது, அதன் பின்னால் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தால் உப்பி அசையாமல் கிடந்த நிம்ஃப்கள், காலிக் கூடாக உரிந்த தோல்கள், தோலுரித்து வந்து இன்னும் நிறம் ஏறாத முதிர் உண்ணிகள், மூன்றும் ஒரே சுவரில். மறுநாள் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சுவருக்கு அடிக்கிற மருந்தையும் விற்றுவிட்டார்.

நாய் உண்ணி மேல்நோக்கி ஏறுகிற பழக்கம் உடையது. தரையை மட்டும் துடைத்தால் போதாது; படச் சட்டம், மின்பெட்டி, திரைச்சீலையின் மடிப்பு, கூரை ஓரம் எல்லாம் பாருங்கள். பசித்த முதிர் உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நாயை ஒரு மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடும் என்பது நடக்காத காரியம்.

கோழிக் கூண்டில் இருப்பதும் இதே உண்ணியா?

இல்லை. அதற்கு முதுகில் ஓடே கிடையாது, சுருக்கம் விழுந்த தோல் பை மாதிரி இருக்கும். மேலிருந்து பார்த்தால் வாய் தெரியாது, அடிப்பக்கம் இருக்கும். லார்வா சில நாள் கோழியிலேயே, பெரும்பாலும் இறக்கைக்கு அடியில், ஒட்டிக்கிடக்கும். நிம்ஃப் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தோலுரிக்கும். நிம்ஃபும் பெரியதும் ராத்திரியில் வந்து, கொஞ்ச நேரம் குடித்துவிட்டு மரப்பலகை இடுக்குக்குத் திரும்பிவிடும். பகலில் கோழியைப் பிடித்துத் தேடினால் லார்வா மட்டும்தான் கிடைக்கும்.

'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தியில் வருகிறதே, அது இந்த உண்ணியால்தானா?

நம் செய்திகளில் அப்படிச் சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை. அதைப் பரப்புவது உண்ணி இல்லை, புதரிலும் புல்லிலும் இருக்கிற ஒரு வகைச் சிற்றுண்ணியின் லார்வா. ஆங்கிலத்தில் 'மைட்' என்பார்கள். தமிழில் இரண்டுக்கும் உண்ணி என்றே பெயர் விழுந்துவிட்டதால் மாட்டு உண்ணியைக் கையால் எடுத்தவர்கள் எல்லாம் பயந்துபோகிறார்கள்.

அந்த லார்வா சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆரஞ்சுச் சிவப்பு. கண்ணால் பார்ப்பது அநேகமாக முடியாது. இதிலும் பருவம்தான் விஷயம்: அதன் நிம்ஃபும் பெரியதும் மண்ணில் வாழ்ந்து சின்னப் பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும், மனிதனைக் கடிப்பதே இல்லை. கடிப்பது லார்வா மட்டும். கடித்த இடத்தில், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில், சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு தோன்றலாம். காய்ச்சலோடு அது இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும், தாமதித்தால்தான் ஆபத்து.

எந்தப் பருவம் கடித்தால் நோய் வரும்?

நோய்க்கு நோய் மாறும். பருவத்தைப் பிரித்தறிய இவ்வளவு மெனக்கெடுவதே இதற்காகத்தான்.

கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தன, பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் கண்டது. கன்னடத்தில் 'மங்கன காயிலே', குரங்கு நோய். ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி பரப்பும் வைரஸ் அது. பின்னாளில் கேரளத்தின் வயநாடு வரை வந்திருக்கிறது. இந்த உண்ணியில் முதிர்ந்தது பெரும்பாலும் மாடு போன்ற பெரிய விலங்குகளைத்தான் நாடும். மனிதனை அதிகம் கடிப்பது நிம்ஃப். மழைக்காலத்தில் முதிர்ந்தவை, மழை விட்டபின் லார்வா, அதற்குப் பிந்தைய வறண்ட மாதங்களில் நிம்ஃப் என்று பருவங்கள் வருவதால், சருகு பொறுக்கவும் விறகு வெட்டவும் ஜனங்கள் காட்டுக்குள் போகிற அதே மாதங்களில் காய்ச்சலும் வருகிறது. கடுகளவு நிம்ஃப் காலில் ஏறுவது யாருக்குத் தெரியும்?

கலப்பின மாடுகளைக் கொல்கிற தைலேரியா நோயில், ஹையலோமா இன உண்ணி சின்னப் பருவத்தில் நோய்க்கிருமியை வாங்கி, தோலுரித்தபின் அடுத்த பருவத்தில் கொடுக்கும். தாயிலிருந்து முட்டைக்குப் போகாது. மாட்டுக்கு உண்ணியால் வருகிற இன்னொரு நோயான பபேசியா நேர்மாறு, அதன் கிருமி தாய் வழியாக முட்டைக்கே போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ஃபிரெடரிக் கில்போர்ன் இருவரும், 1893இல் வெளியிட்டார்கள். கீழே விழுந்த தாயின் முட்டையிலிருந்து வந்த, எந்த மாட்டையும் அதுவரை கடிக்காத பொடி உண்ணிகளை ஆரோக்கியமான மாட்டில் விட்டார்கள், மாட்டுக்கு நோய் வந்தது. கடிக்கிற ஒரு சிற்றுயிர் விலங்குகளுக்கு நோயைக் கடத்தும் என்று முதலில் நிரூபித்த ஆய்வுகளில் அது ஒன்று. மலேரியாவில் கொசுவின் பங்கு தெரிந்ததே அதற்குப் பிறகுதான்.

இணையத்தில் கறுப்புக் கால், சிவப்பு முதுகோடு படம் பார்த்தேன். என்னிடம் இருப்பது அப்படி இல்லையே?

அது வட அமெரிக்க உண்ணியாக இருக்கும். நம் நாய் உண்ணி ஒரே பழுப்பு. கால்களில் வளையல் போட்ட மாதிரி பட்டைகளும் நீண்ட வாயும் இருந்தால் ஹையலோமாவாக இருக்கலாம். அதை வெறுங்கையால் தொடவே வேண்டாம். கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பரப்புகிற இனம் அது. 2011இல் குஜராத்தில் அந்தக் காய்ச்சல் உறுதியானது.

உடம்பில் கடித்துக்கொண்டிருப்பதை எப்படி எடுப்பது?

நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டி, வாய்ப்பக்கமாகப் பிடித்து, நேர் மேலே நிதானமாக இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணியைத் தூக்கி எறியாமல் சின்னப் புட்டியில் சானிடைசர் ஊற்றிப் போட்டு, தேதியும் கடித்த இடமும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் புட்டியையும் எடுத்துப் போங்கள்.

நாய், மாட்டிலிருந்து எடுத்ததை நசுக்கினால் முட்டை சிதறிப் பரவும் என்கிறார்களே?

உப்பிய உண்ணிக்குள் அப்போது முட்டை தயாராக இருக்காது. கீழே விழுந்து சில நாள் போன பிறகுதான் இடத் தொடங்கும். நசுக்கக் கூடாது என்பது சரிதான், காரணம் வேறு: உள்ளே இருக்கிற ரத்தமும் கிருமியும் விரல் நகத்தின் கீறலில் படும். தண்ணீரில் போட்டாலும் சாகாது, நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். செலோடேப்பில் மடித்து ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிட்டில் போடுங்கள். கறக்கும்போது ஒன்றைப் பிடுங்கித் தொழுவத்து மூலையில் விட்டெறிகிற பழக்கம் பலருக்கு உண்டு, என் அப்பாவுக்கும் இருந்தது. கீழே விழவேண்டிய வேளையில் அவரே பத்திரமாக இறக்கிவிட்டார், அவ்வளவுதான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே மூலையில் குனிந்து ஊதிப் பாருங்கள், சுவர் அசையும்.